சுவரில் கனகாம்பரம்

சுனாமி வந்த வருஷம் கடல் எங்கள் தெருவரைக்கும் வரவில்லை. கலர் பென்சில் வந்தது. குப்பத்துப் பிள்ளைகளுக்கென்று வந்திறங்கியதில் மிஞ்சியதை, உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த எங்கள் தெருவுக்கும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அரிசி மிஞ்சவில்லை போலும். எனக்கு ஒரு டப்பா பென்சில் கிடைத்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அடுத்து வந்த கோடையில்தான் அப்பாவின் தங்கை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அத்தையைக் கட்டிய மாமா உப்பு லாரியில் லோடு ஏற்றப் போகிறவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி கவிழ்ந்து, மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அப்பா அவளைப் பெட்டியோடு அழைத்து வந்தார். அடுத்த வாரமே அம்மாவோடு சேர்ந்து உப்புச் சுமக்கப் போனாள். துக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார எங்களுக்கு வசதி இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூக்காரம்மா வருவாள். கல்யாணத்துக்கு முன்பு அத்தை எங்களோடு இருந்தபோது, அம்மா வாங்கும் கனகாம்பரச் சரம் மூன்று துண்டாகும். பெரிய துண்டு அத்தைக்கு. அவளுக்குத்தான் முடி அடர்த்தி. இப்போது அம்மா இரண்டாகக் கிள்ளினாள். பூக்காரம்மா அத்தை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அத்தைக்கு எங்கே என்று கேட்டேன். புருஷன் போனவள் பூ வைக்கக் கூடாது என்று அம்மா காதோரம் சொன்னாள். என் துண்டை அத்தையிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி என் பின்னலிலேயே செருகிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

செத்துப்போனது மாமா. பூவைப் பிடுங்கியது அத்தையிடமிருந்து. இது என்ன நியாயம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கியபாடில்லை.

தடுத்தது பூவைத்தானே, காகிதத்தை இல்லையே என்று முடிவு செய்துகொண்டேன். முதலில் மல்லிகை வரைந்தேன். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் தெரியவில்லை. அதனால் கனகாம்பரத்துக்கு வந்தேன். ஆரஞ்சுப் பென்சிலின் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு, தாளின் இரண்டு பக்கமும் வண்ணம் ஏற்றி, ஒவ்வொரு பூவாகக் கத்தரித்து, காம்பில் நூல் கோத்துச் சரமாக்கினேன்.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பூக்காரம்மாவுக்குப் போட்டியா கெளம்பிட்ட போல இருக்குதேடி” என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, சரத்தைக் கொண்டையில் வைத்துப் பார்த்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். உப்பு வாரிவிட்டு வரும்போது அவருக்குப் பாதமெல்லாம் வெடித்து எரியும். அந்த எரிச்சலோடுதான் எப்போதும் வீட்டுக்குள் நுழைவார்.

“இன்னாம்மா இது? நாலு பேரு பாத்தா என்னத்தான கேப்பாங்க?”

அது பூ இல்லை, பேப்பர் என்று நான் குறுக்கே போனேன்.

“பேப்பரா இருந்தா இன்னா? தலையில வெச்சா பூதான்.”

அத்தை சரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை அடுப்பில் போட்டார். பிறகு என் டப்பாவைத் திறந்து, சுள்ளி ஒடிப்பதுபோல் பென்சில்களை ஒவ்வொன்றாக ஒடித்துத் தெருவில் எறிந்தார். ஒன்றைக்கூட விடவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாதவர் அப்பா.

எனக்கு அழுகை வரவில்லை. அழுகையை அடைத்துக்கொண்டு கோபம் நின்றது. தெருவில் இறங்கி ஆரஞ்சுத் துண்டுகளை மட்டும் பொறுக்கினேன்.

மறுநாள் மூன்று பேரும் உப்பளத்துக்குப் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். அத்தை சாப்பிடும்போது சாய்ந்து உட்காருகிற இடத்தில், சுண்ணாம்புச் சுவரில் அவள் தலை எண்ணெய் பட்டு வட்டமாக ஒரு கறை இருந்தது. அந்தக் கறையைச் சுற்றிக் கனகாம்பரம் வரைந்தேன். சுண்ணாம்பு உதிர உதிர, பென்சில் துண்டு விரலுக்குள் மறையும்வரை வரைந்தேன். இனி அவள் அங்கே உட்கார்ந்தாலே தலை நிறையப் பூ. அப்பா எதைப் பிடுங்குகிறார் பார்க்கலாம் என்றிருந்தேன்.

சாயங்காலம் அப்பா சுவரைப் பார்த்துவிட்டு, யார் கிறுக்கியது என்று கேட்டார்.

“நாந்தான். செவுத்துக்கும் புருசன் செத்துட்டானா?”

அவர் கை ஓங்கியது. அதுவரை எங்கள் நடுவே வந்தே இராத அம்மா, முதல் முறையாக வந்து நின்றாள்.

“புள்ள மேல கைய வெச்சிட்டு எங்கிட்ட சோறு கேக்காத” என்றாள். சத்தமே போடவில்லை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சுவரைத் தேய்க்கச் சொல்லவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். அத்தை வந்து உட்காரவேண்டியது மட்டும்தான் பாக்கி. அவள் கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். சுவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் அங்கேதான். அதற்குப் பிறகு தினமும் அங்கேதான்.

அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் அத்தை மேல் திரும்பியது. இவளுக்காக நான் அடி வாங்கப் பார்த்தேன், இவளோ அண்ணனுக்குப் பயந்துகொண்டு இடம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். அந்தக் கோடை முடியும்வரை அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில், காலியாகக் கிடந்த அவள் இடத்தில் வீம்புக்கென்று நானே போய் உட்கார்ந்தேன். அத்தை என் பக்கமாகவே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவாள். சமாதானத்துக்கு வருகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவள் பார்த்தது என்னை இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவளுக்குப் பூ தெரியாது. எதிரே உட்கார்ந்தால்தான் தெரியும்.