பழைய விதியில் ஒரு பாதி ஆட்டம்

மாலை ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேனேஜரின் மோட்டார் கார் பள்ளிக்கூட மைதானத்துக்குள் வந்தது. நாலரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் காரைப் பார்த்தார்கள். மாமா மட்டும் மேற்கே திரும்பி வானத்தைப் பார்த்தார்.

யுத்தம் முடிந்த மறுவருடம், செப்டம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை அது. எனக்கு ஒன்பது வயது. மேனேஜர் வருகிறார் என்பதற்காக அம்மா எனக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைக் கவுனை ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிட்டிருந்தாள்.

தூத்துக்குடியில் அப்பா ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் ஹெட் கிளார்க். அந்த ஆபீஸில் டாலி கிளார்க் வேலை ஒன்று காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வராமல் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். தோணியோடு போய், கப்பலில் ஏறி நின்று, இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவர்தான் டாலி கிளார்க். வேலை கேட்டு முப்பது பேர் எழுதியிருந்தார்கள். மேனேஜருக்கோ கூடைப்பந்துப் பைத்தியம். மில்காரர்களின் அணியை ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று இருந்தார். "நல்லா பாஸ்கட்பால் ஆடுற ஒருத்தனைக் கொண்டு வாரும், வேலை அவனுக்கு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆறடி இரண்டு அங்குலம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நாசரேத்திலிருந்து பாளையங்கோட்டை வரை அவருக்கு இணையான சென்டர் ஆட்டக்காரர் கிடையாது என்பார்கள். பிறகு சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தார். அந்த வேலை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் மரவள்ளிக்கிழங்கும் கஞ்சியுமாக இருந்தார்கள். வேலை தேடி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் தங்கியிருந்தார்.

இன்னொருவர் அத்தான், அப்பாவின் தங்கை மகன். வயது பத்தொன்பது. ஜில்லாவிலேயே இன்று அவர்தான் என்று பையன்கள் சத்தியம் செய்வார்கள்.

இரண்டு பேரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற விவாதம் எங்கள் வீட்டில் ஐந்து வாரம் நடந்தது. யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. பந்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

"எம் மவன் ஒரு ஆட்டத்துல இருவது பாயிண்ட் எடுக்கான் மைனி. ஒங்க தம்பி ஒரு வருசம் பூரா எடுத்தது அம்புட்டுத்தான் இருக்கும்" என்பாள் அத்தை.

"அப்பல்லாம் ஒவ்வொரு கோலுக்கும் பந்தை நடுவுல கொண்டாந்து மேல தூக்கிப் போடணும். திரும்ப எம்பி எடுத்தாத்தான் ஆட்டம். இப்ப மாதிரி ஓடி ஓடிப் போட்டுக்கிட்டே இருக்க முடியுமா?" என்பாள் அம்மா.

"அப்போ பாதி நேரம் சும்மா நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்காவ."

அம்மா சொன்னது உண்மை. பழைய விதியில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க, ரெஃபரி பந்தை மேலே எறிவார். உயரமானவன் எம்பித் தன் ஆளிடம் தட்டிவிடுவான். அந்தக் காலத்தின் ராஜா அவன்தான். பிறகு விதி மாறியது. கோல் வாங்கியவர்கள் பந்தை வெளியிலிருந்து எறிந்து உடனே ஆடலாம் என்றானது. ராஜ்யம் ஓடத் தெரிந்தவர்களுக்குப் போனது.

அத்தான் மாமாவைச் சீண்டுவார். "மாமா, ஒங்க காலத்துப் பந்துக்கு லேஸ் உண்டாமே. சப்பாத்து மாதிரி கட்டிக்கிட்டா ஆடுனிய?"

"ஆமாலே. லேஸ் தரையில பட்டா எங்கன போவும்னு பந்துக்கே தெரியாது. அதைத் தட்டிக்கிட்டு நாலு அடி ஓடிக் காட்டு, நீ பெரிய ஆளுன்னு ஒத்துக்கிடுதேன்."

"வாங்களேன், இப்பவே போவோம்."

"காலையில வாரேன்" என்பார் மாமா. சாயங்காலம் ஆட அவர் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அத்தான் வேலை பழகும் கடையிலிருந்து வருவதே சாயங்காலம்தான். "பெரிய மனுசன் மெதப்பு" என்றாள் அத்தை.

அந்த ஐந்து வாரத்தில் நான் சிலவற்றைக் கவனித்திருந்தேன். மாமா இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவார். விளக்கு வைத்த பிறகு வெளியே போக மாட்டார். பின்கட்டுக்குப் போனால் இடது கை சுவரைத் தொட்டுக்கொண்டே போகும். ஒரு நாள் நடையில் இருந்த செம்பை எற்றிவிட்டார். இன்னொரு நாள், "ஏன்க்கா, லாந்தர் ஏத்தலையா?" என்று கேட்டார். லாந்தர் அவருக்கு நாலடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அம்மா அடுக்களையில் இருந்ததால் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. மாமா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கடைசியில் அப்பா, நியாயமானவர் என்று பெயர் வாங்கிய கிளார்க்குகள் செய்கிற காரியத்தைச் செய்தார். ஒரு ஆட்டம். முதல் பாதி ஒரு விதி, இரண்டாம் பாதி மற்ற விதி. மேனேஜர் பார்த்துச் சொல்லட்டும். எந்த விதி முதலில் என்று காசைச் சுண்டினார். புதிய விதி முதலில் வந்தது. நேரம் என்ன என்று மாமா இரண்டு தடவை கேட்டார். நாலரை என்று அப்பா சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

மேனேஜர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்.

முதல் பாதியில் அத்தான் பக்கம் பதினாறு, மாமா பக்கம் ஏழு. அத்தான் செம்மண்ணில் வெறுங்காலோடு, கயிற்றை அறுத்த கன்று போல ஓடினார். மாமாவின் மூச்சு எல்லைக் கோட்டுக்கு வெளியே கேட்டது. அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

இடைவேளையில் மாமா தண்ணீர்ப் பானையருகே வந்தார். மணி ஆறுக்குப் பக்கம். நான் நீட்டிய தம்ளருக்கு இரண்டு அங்குலம் தள்ளி அவர் கை போயிற்று. தம்ளரை நான் அவர் விரல்களில் வைத்தேன். குடித்துவிட்டுக் குனிந்தார்.

"பிள்ளே, வடக்கு ரிங் கம்பத்துக்கு நேர் பின்னால போய் நில்லு. அசையக் கூடாது."

"ஏன் மாமா?"

"நீ நின்னா எனக்குப் பந்து விழும். கையை முன்னால கட்டாத, கவுன் மறைஞ்சிரும். யாருட்டயும் சொல்லவும் கூடாது."

"பந்தயமா?"

"ஆமா. பந்தயந்தான்."

நான் ராசியானவள் என்று மாமா நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். பெருமையாக இருந்தது. போய் நின்றேன்.

பழைய லேஸ் பந்தைக் கொண்டுவந்தார்கள். ரெஃபரி அதை மேலே எறிந்தபோது தரை மங்கிவிட்டிருந்தது. வானத்தில் மட்டும் இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் பந்து கறுப்பாகத் தெரிந்தது. மாமா எம்பினார். அப்படி ஒரு மனிதர் எம்பி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தானின் கை அவர் முழங்கைக்குக் கீழேயே நின்றுவிட்டது. பந்து மாமாவின் ஆளுக்குப் போயிற்று. அவன் ஓடிவந்து அதை மாமாவின் இரண்டு கைகளுக்குள் வைத்தான். மாமா முன்பே அப்படிச் சொல்லி வைத்திருந்தார் போலும். நிமிர்ந்து என்னைப் பார்த்து, என் தலைக்கு மேலே எறிந்தார். வளையத்துக்குள் விழுந்தது.

மறுபடியும் நடுவட்டம். மறுபடியும் எம்பல். மறுபடியும் பந்தைக் கையில் வைத்தார்கள்.

எல்லைக் கோட்டருகே நின்ற பழைய மாணவர்களில் ஒருவர், "பாத்தியளா அந்தக் காலத்து ஒழுங்கை! கண்டபடி வீச மாட்டாவ. மரியாதையா கையில குடுக்காவ" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். பழைய ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை எல்லோரும் அப்படி இருந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு தடவை பழக்கமில்லாத ஒருவன் தூரத்திலிருந்து பந்தை வீச, அது மாமாவின் நெஞ்சில் மோதித் தெறித்தது. கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டு, "மெதுவாலே, வயசானவனைக் கொன்னுராத" என்றார்.

என் காலில் கொசு கடித்தது. நான் அசையவில்லை. ஏழு தடவை என் தலைக்கு மேலே பந்து வந்தது. ஐந்து விழுந்தது. அந்தப் பாதியில் மாமா பக்கம் பத்து, அத்தான் பக்கம் நாலு.

மேனேஜர் திருவிதாங்கூர்க்காரர். மாமாவைவிட ஒரு வயது மூப்பு இருக்கும். நாற்காலியை விட்டு எழுந்து வந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "இதுதான் ஆட்டம். இப்போ பிள்ளைகள் ஆடுறது ஓட்டப் பந்தயம்" என்றார். மில்காரர்களோடு புதிய விதியில்தான் ஆடவேண்டும் என்பதும், புதிய விதியில் மாமாவின் பக்கம் ஒன்பது பாயிண்ட் பின்தங்கியது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. தன் இருபதாவது வயதில் பார்த்த ஆட்டக்காரனைவிடப் பெரியவனை யாரும் பிற்பாடு பார்ப்பதில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரும்படி மாமாவிடம் சொன்னார்.

அத்தை வீட்டுப் பக்கம் நடந்தாள். அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏளா, நீ ஏன் கம்பத்துக்குப் பின்னால நின்னே?"

"சும்மாத்தான்."

"கொசுக்கடியில சும்மா நிப்பியா? உண்மையைச் சொல்லு. மாமாவுக்குக் கண்ணு எப்படி?"

பந்தயம் நினைவுக்கு வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வீட்டுக்குப் போ" என்றார். அதைப் பற்றி அவர் அப்பாவிடம் பேசினாரா, பேச வேண்டாம் என்று விட்டுவிட்டாரா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

வீடு திரும்பும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்தேன். வழியில் சாக்கடை, கல், மாட்டு வண்டி எது வந்தாலும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். அதுவும் ஒரு விளையாட்டு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். "மழை விழுந்து கீரை மொளைச்சா சரியாப்போவும்" என்று ஒரு இடத்தில் அவராகவே சொன்னார். எது சரியாகும் என்று நான் கேட்கவில்லை.

மாமியும் பிள்ளைகளும் சாத்தான்குளத்திலிருந்து வந்து எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியேறினார்கள். மாமா காலையில் தோணியில் போவார், பொழுது சாய்வதற்குள் வரும் தோணியில் திரும்பிவிடுவார். எட்டு வாரம் அப்படி நடந்தது. மில்காரர்களோடு ஆட்டம் கிறிஸ்துமஸ் சமயத்துக்கு வைக்கப்பட்டிருந்தது.

நவம்பர் கடைசியில் மழை விழுந்தது. ஒரு வியாழக்கிழமை கடல் கொந்தளிப்பில் சரக்கு இறக்கத் தாமதமாகி, கடைசித் தோணி கப்பலை விட்டுப் புறப்படத் தயாரானபோது மணி ஆறரை. கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணி தொங்கியது. முன்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாவதாக மாமா. கடைசிப் படியில் நின்று, "தோணி எங்கன?" என்று கேட்டதாகத் தோணியின் தலைவரான தண்டல் பிற்பாடு அப்பாவிடம் சொன்னார். அந்த முப்பத்தைந்து வருடத் தோணிக்காரர், மாமா கேலி செய்கிறார் என்று நினைத்து, "காலுக்குக் கீழதான் அண்ணாச்சி" என்றார். அதற்குள் அலை தோணியை ஆறடி தள்ளியிருந்தது. மாமா காலை வைத்தார்.

அத்தான் இரண்டு நாள் தேடும் படகுகளில் போனார். மூன்றாம் நாள் காலை முத்தையாபுரத்துக்குக் கிழக்கே, உப்பளங்களுக்கு அப்பால், உடல் ஒதுங்கியது.

அடக்கம் முடிந்த பிறகு மாமி அம்மாவிடம் சொல்லி அழுதாள். ஊரில் இருக்கும்போதே அவருக்கு மாலைக்கண் வந்துவிட்டது, தெரிந்தால் எவனும் வேலை தரமாட்டான் என்று வாயைக் கட்டிப்போட்டுவிட்டார் என்றாள். அப்பா இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்தார். சத்தில்லாத சாப்பாட்டால் வருகிற நோய் அது, யுத்த வருடங்களில் நிறையப் பேருக்கு வந்தது, சுறா ஈரல் எண்ணெய் தினம் ஒரு கரண்டி குடித்திருந்தால் சில வாரத்தில் போயிருக்கும் என்றார். எங்கள் கடற்கரையில் சுறா ஈரலை அண்டாவில் போட்டுக் காய்ச்சுவார்கள். காற்று திரும்பினால் நாற்றம் எங்கள் தெரு வரை வரும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

கம்பத்துக்குப் பின்னால் நின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடிய விஷயம் அது என்று தெரியவே எனக்கு இன்னும் சில வருடம் ஆயிற்று.

டிசம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை அத்தான் அந்த வேலையில் சேர்ந்தார்.