முதலில் பாடி

சூரமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில்தான் அவரைப் பார்த்தேன். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர். ஜன்னலோரம் வெயில் வாங்கிய வலது கை மட்டும் நன்றாகக் கறுத்திருந்தது. கேம் விளையாட, நடுத்தர விலையில் பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வந்திருந்தார். நானும் அதற்குத்தான் வந்திருந்தேன். என்ன, நான் மாதக்கணக்கில் யூடியூப் பார்த்து முனைவர் பட்டமே வாங்கியிருந்தேன்.

கடைக்காரர் அவர் முன், கேமை வேகமாக ஓட வைக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தார்.

"அது கெடக்கட்டுமுங்க. மொதல்ல பாடியக் காட்டுங்க."

அவர் கேபினெட்டை, அதாவது வெளிப்பெட்டியைத்தான் சொல்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரமானது. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசியில், திருவிழாப் பந்தல் மாதிரி கலர் லைட் மின்னும் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். மிச்சக் காசுக்கு வந்த கிராபிக்ஸ் கார்டைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது.

அறிவு ததும்பியதால் சும்மா இருக்க முடியவில்லை. "பாடிக்கே எல்லாத்தையும் போட்டுட்டா கேம் எப்படீங்க ஓடும்? அப்படி என்ன கேம் அது?"

"லாரி ஓட்டறதுங்க."

"ரோட்டுல ஓட்டறது பத்தலீங்களா?"

"ரோட்டுல ஓட்டறது மொதலாளி வண்டீங்க. பாடி, பெயிண்டு எல்லாம் அவரு இஷ்டம். இது என்ற வண்டீங்க."

நான் வீடியோக்கள் சொன்னபடியே பெரிய கார்டு வாங்கி, மலிவான தகரப் பெட்டிக்குள் மாட்டினேன். அசுர வேகம். அதில் என்ன கேம் விளையாடுவது என்றுதான் இன்னும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.