லியாவின் மூக்கு

முட்டை உரிக்கும்போதும் லியாவ் திரையைத்தான் பார்ப்பான். தேயிலைத் தண்ணீரில் வெந்த முட்டை. ஓடு விசைப்பலகையின் இடுக்குகளில் விழும். விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மவுஸை உருட்டுவான். திடீரென்று மூக்கைச் சுருக்குவான். எனக்கு அப்போதே தலைவலி தொடங்கிவிடும்.

"நாத்தம் அடிக்குது, அக்கா."

முட்டையை அவன் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கும் பழைய சாப்பாட்டுப் பெட்டிகளையும் சொல்லவில்லை. அந்த நாற்றம் அவனுக்குத் தெரிவதே இல்லை. கணினிக்கு எழுதும் நிரலைச் சொல்கிறான். ஒழுங்காக ஓடுகிற, யாரும் குறை சொல்லாத நிரலைப் படித்துவிட்டு, இதில் ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடிப்பான். நிரலின் ஒரு பகுதி, ஊர் வேலையையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தால் நாற்றம். பெயர் ஒன்று, செய்வது வேறு என்றால் பெரும் நாற்றம்.

நான் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றி, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுத்துப் பழகியவள். யாருக்கு எந்த மாத்திரை, எப்போது, எவ்வளவு என்று காட்டும் மென்பொருளை எங்கள் இல்லத்துக்காகச் சின்ச்சு நகரத்தில் இருக்கும் இந்தச் சிறு நிறுவனம் எழுதுகிறது. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அங்கே எங்கள் பெண்கள் இன்னும் சுவரில் அட்டை ஒட்டி மாத்திரை கொடுக்கிறார்கள். இங்கே லியாவ் மூக்கைச் சுருக்கும்போதெல்லாம் நாள் தள்ளிப்போகிறது.

"ஓடுதா இல்லையா, அதைச் சொல்லு."

"ஓடுது. சொத்தைப் பல்லுங்கூடத்தான் மெல்லுது."

"வலிக்கிறப்ப பிடுங்கிக்கலாம்."

"வலிக்கப்போறது எனக்கில்ல அக்கா, உங்க தாத்தாக்களுக்கு."

கடைசியில் அவன் மூக்கு போய் நின்ற இடம், மாத்திரை அளவைக் கணக்கிடும் பகுதி. அதன் முதல் வரியே, "தொடாதே. ஏன் ஓடுகிறது என்று தெரியாது, ஓடுகிறது" என்பதுதான். அந்த நிரல் ஓடும் கணினியின் மேல் ஒரு பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் இருந்தது. எந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று இந்த ஊரில் எல்லா அலுவலகங்களிலும் வைப்பதுதான். பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. தேதி முடிவதற்குள் புதுப் பொட்டலம் வாங்கி வைப்பதில் மேலாளர் தூ மிகவும் கண்டிப்பானவர். அந்த அக்கறையில் பாதியைக்கூட நிரலுக்கு யாரும் காட்டவில்லை.

"எந்த மடையன் எழுதினது இது?" வெள்ளிக்கிழமை மதியம் லியாவ் கேட்டான். "ஒரே கணக்கைப் பகல் பக்கத்துக்கு ஒண்ணு, ராத்திரிப் பக்கத்துக்கு ஒண்ணுன்னு நகலெடுத்து ஒட்டி வெச்சிருக்கான்."

"நாளைக்கு ஒப்படைக்கணும். கையை எடு," என்றார் தூ.

"நாறுதுண்ணே."

"நீ குளிச்சியா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாத்தம் நாத்தம்னு ஊரைக் கூட்டாதே. புண் எங்கேன்னு காட்டு."

"அது எனக்கெப்படித் தெரியும்? புரட்டிப் பாத்தாத்தானே தெரியும்."

அது நியாயம். படுக்கையில் கிடப்பவரிடம் வாடை வந்தால் நாங்களும் புரட்டித்தான் பார்ப்போம். எங்கள் இல்லத்துச் சியூ தாத்தாவுக்குச் சிறுநீரகம் பழுது. போன வாரம் மருத்துவர் அவருடைய மாத்திரை ஒன்றைப் பாதியாகக் குறைத்திருந்தார். அவர் பெயரைப் போட்டு, அளவைப் பாதியாக்கிப் பார்க்கச் சொன்னேன். பகல் பக்கம் பாதி என்று காட்டியது. இரவுப் பக்கத்தைத் திறந்தான். முழு மாத்திரை.

தூ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரவு வேலைக்கு வரும் பெண் திரையில் இருப்பதைத்தான் கொடுப்பாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"சொன்னேன்ல? இதை எழுதினவனை..." என்று லியாவ் ஆரம்பித்தான்.

"நீதாண்டா எழுதினே," என்றார் தூ. "சேர்ந்த வருஷம். புத்தாண்டுக்கு ஊருக்கு ரயிலைப் பிடிக்கணும்னு பையை மடியில வெச்சுக்கிட்டே எழுதினே. தொடாதேன்னு எழுதினதும் நீதான். பொட்டலம் வாங்கி வெச்சது மட்டும் நான்."

வாய்வரை போன முட்டையை லியாவ் கீழே வைத்தான். அவன் சாப்பாட்டை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மறுநாள் காலை நான் போனபோது கணினியின் மேல் பொட்டலம் இல்லை. லியாவின் மேசையில் கிழிந்து கிடந்தது. அவன் தின்றுகொண்டிருந்தான், மற்றவர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கணக்கையும் ஒன்றாக்கியிருந்தான். "தொடாதே" என்ற வரி இருந்த இடத்தில் அவன் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தன. சியூ தாத்தாவின் மாத்திரையை நானே மாற்றிப் பார்த்தேன். பகலும் பாதி, இரவும் பாதி. இனி ஒப்படைத்துவிடலாம் என்று பையை எடுத்தேன்.

லியாவ் என் கையில் கொஞ்சம் சோளப்பொரியை வைத்தான். விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நிரலின் அடுத்த பக்கத்தைத் திறந்து, மூக்கைச் சுருக்கினான்.