கை நனைத்த அன்று

சோறு தின்றால் உடனே படுத்துவிட வேண்டும். இருபது நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும். பினாங்கில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்து, தினம் முந்நூறு இலை போடுகிறவன் நான். இன்று என் கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகள் மேல் மல்லாந்து கிடக்கிறேன். பக்கத்துக் கடைச் சீனர் எட்டிப் பார்த்து, "உன் கடைச் சோற்றைத் தின்று நீயே விழுந்தால் இனி எவன் வருவான்?" என்று மலாயில் கேட்டுச் சிரிக்கிறார். பதில் சொல்லத் தலையைத் தூக்கினால் கடையே சுற்றுகிறது. விரல்கள் தாமாக ஆடுகின்றன.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட என் அளவுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை. பதினெட்டு வயதில் செஞ்சியிலிருந்து ஒரு மாற்று வேட்டியோடு கப்பலேறினேன். எச்சில் தட்டுக் கழுவிய அதே தெருவில் முதலாளி ஆனேன். பணத்தோடு உடம்பும் ஏறியது. ஊருக்குப் போகும்போதெல்லாம் என் தொந்தியைப் பார்த்துத்தான் செஞ்சி பஜாரில் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அங்கே இளைத்து வந்தவனை யார் மதிப்பார்கள்?

போன வருஷம் வயிற்றுப் புண் முற்றி ரத்தமாக வாந்தி எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு தைத்தார். உடம்பு குறைந்தால் உனக்கு நல்லதுதான் என்றாராம். மூன்று மாதத்தில் பாதி ஆளானேன். வீட்டுக்கு அனுப்பும்போது மலாய்க்கார நர்ஸ் விரலை ஆட்டி, "பாச்சிக், ஜங்கான் மானிஸ்" என்றாள். பெரியவரே, இனிப்பு வேண்டாம் என்று அர்த்தம். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாதே என்று பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு நெடுநேரம் விளக்கினாள். அரிசி பருப்பு வாங்குகிற அளவுக்குத்தான் எனக்கு மலாய் தெரியும். புரிந்தவனைப் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஊருக்கு ஆபரேஷனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மகள் காமாட்சிக்குச் செஞ்சி ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் கூடிவருகிற நேரம். அறுபட்டவன் மகள் என்று பேச்சு வந்துவிடக் கூடாது. கப்பலில் மதராஸ் வந்து, பஸ் பிடித்து, செஞ்சியில் இறங்கினேன். வாசலில் நின்ற என்னைப் பார்த்த மனைவி பச்சையம்மாள், "இன்னாங்க இது, பாதி ஆளக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். சம்மதம் என்றால் பெண்ணைப் பெற்றவன் அவர்கள் இலையில் உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். நனைக்காமல் எழுந்தால் பேச்சு முறிந்தது என்று பொருள். பேச்சு முடிக்கப் போன அன்று ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் எனக்குத் தலைவாழை இலை. முதலில் கேசரி, பிறகு பாயசம். ஓரமாகக் கிள்ளித் தின்றேன். ஜவுளிக்கடைக்காரர் விடவில்லை.

"இன்னா சம்பந்தி, பினாங்குக்காரருன்னு பேரு, குருவியாட்டம் கொத்துறீங்க? எங்க ஊட்டுச் சமையல் புடிக்கலையா?"

கூடம் சிரித்தது. "அண்டாவோட குடிச்சவன்யா நானு. ஊத்துங்க!" என்றேன். இரண்டாவது டம்ளர் பாயசமும் உள்ளே போனது.

கால் மணி நேரத்தில் தாம்பூலத் தட்டு மாற்ற எழுந்தோம். நெஞ்சு படபடவென்று அடித்தது. முதுகில் வியர்வை வழிந்தது. கையில் வாங்கிய தட்டு கடகடவென்று ஆடி, தேங்காய் உருண்டு ஓடியது, வெற்றிலை சிதறியது. நான் மண்டியிட்டு விழுந்தேன். மயக்கம் என்று யாரோ சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார்கள். அது இன்னும் ஆட்டியது. வெட்டிய வயிற்றில் இனிப்பு தங்காமல் நேரே குடலில் இறங்கி ஆளைச் சாய்க்கும் என்றுதான் அந்த நர்ஸ் விளக்கியிருக்கிறாள், எனக்குப் பிறகுதான் புரிந்தது. மாப்பிள்ளையின் அத்தை சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"கைய பாருங்க, குடிகாரன் கை. அங்க தெனம் போட்டுப் பழகிட்டாரு. இங்க மதுவிலக்கு, கெடைக்கலன்னா இப்படித்தான் ஆடும்."

அந்த நிமிஷம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கப்பல் ஆட்டம் இன்னும் தெளியவில்லை என்றேன். கப்பலை விட்டு இறங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி பச்சையம்மாளிடம் ஆபரேஷனைச் சொன்னேன்; மறுநாள் அவள் அழுது, தழும்பைக் காட்டிவிட்டு வரச் சொல்லி என்னை ஜவுளிக்கடைக்கு அனுப்பினாள். சின்ன வயதில் புல்லுக்கட்டைச் சுமந்து ராஜகிரி மலையில் ஏறி இறங்கிய கால், பஜாரின் சமதரையில் கடைக்குக் கடை தூணைப் பிடித்துப் போனது. ஜவுளிக்கடையில் எல்லோர் முன்னாலும் சட்டையைத் தூக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"இம்மாம் பெரிய தழும்ப மறச்சவரு, இன்னும் இன்னாத்தயெல்லாம் மறச்சிருப்பீங்களோ. வேற எடம் பாத்துக்குங்க."

சம்பந்தி என்கிற வார்த்தை அவர் வாயில் அப்புறம் வரவில்லை.

வீட்டில் காமாட்சி அழவில்லை. "நைனா, அத சாப்புடாமயே இருந்திருக்கலாம்ல?" என்றாள்.

"சாப்புடலன்னா இந்தச் சம்பந்தம் வாணாம்னு ஆயிடும்மா."

"சாப்ட்டும் அதான ஆச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கப்பலேறும் வரை என்னோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இங்கே பினாங்கில் யாரும் யார் வீட்டிலும் கை நனைக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று கையைக் காட்டினால் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்கவும் ஆள் இல்லை. பச்சையம்மாள் மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். வேறு வரன் எதுவும் வரவில்லை, தழும்பைக் காட்டிய பிறகும் குடிகாரன் மகள் என்றுதான் ஊர் பேசுகிறது என்று எழுதுகிறாள். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. என்னைப் போல் ஊருக்குப் பெருமை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பவர்களே, நோயையும் எழுதிப் போடுங்கள். நான் எழுதவில்லை. என் மகள் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பி வந்த அன்று பினாங்குத் துறைமுகத்தில் ஓர் இளம் அதிகாரி என் பாஸ்போர்ட்டை வாங்கினார். படத்தில் கொழுகொழுவென்று ஒருவன். "யார் இது?" என்றார். நான்தான் என்றேன். அவர் நம்பாமல் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் இரண்டு கன்னத்திலும் காற்றை நிரப்பி உப்பிக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டார், முத்திரை குத்தினார். நாலடி தள்ளி வந்து காற்றை வெளியே விட்டேன். தலை சுற்றியது. துறைமுகக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்னால் பினாங்கு, பின்னால் கடல். இரண்டும் ஆடின.