பின்வாங்கும் படையின் நடை

மதியழகன் செத்து விழுந்ததற்குக் கணக்கே கிடையாது. கன்னடப் படங்களில் கதாநாயகனிடம் அடி வாங்கி, மேசை மேலும் காய்கறி வண்டி மேலும் போய் விழுவதுதான் அவன் பிழைப்பு. தங்கவயல் சுரங்கத்தை மூடியபோது, அங்கே வேலை பார்த்த அவன் அப்பா குவார்ட்டர்ஸை விட்டு வர மறுத்துவிட்டார். மகன் மட்டும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து ஒரு சண்டைக் குழுவில் சேர்ந்துகொண்டான்.

நாற்பதை நெருங்கியபோது படங்களுக்குக் கூப்பிடுவது குறைந்தது. அதே குழுவிலிருந்த கோவிந்தப்பாதான் அவனைப் பீன்யா தொழிற்பேட்டைக்கு அழைத்துப் போனார். பழைய தொழிற்சாலை ஷெட் ஒன்றில் கம்ப்யூட்டர், போன் விளையாட்டுகள் தயாரிக்கும் ஸ்டுடியோ இருந்தது. உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் சின்ன உருண்டைகள், சுற்றிலும் கேமராக்கள். அவன் நடந்தால் திரையில் ஒரு சிப்பாய் நடப்பான். முகத்தையும் சீருடையையும் வேறு யாராவது வரைவார்கள். அசைவு மட்டும் மதியழகனுடையது.

விளையாட்டு இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியப் போர் ஒன்றைப் பற்றியது. ஸ்பெயின் மலைகளில் தோற்றுப் பின்வாங்கும் பிரெஞ்சுப் படை. எதிரி துரத்தி வருகிறான். நடுவில் ஓர் ஆறு, ஒரு கல் பாலம். காட்சிகளை எடுத்த தேஜஸ் கன்னடக்காரன், நன்றாகத் தமிழ் பேசுவான். அவன்தான் விளக்கினான்.

“பெரிய படை தப்பிச்சுப் போகணும் மதியண்ணா. இந்தக் கொஞ்சப் பேர் பாலத்துல நின்னு எதிரிய லேட் பண்ணணும். அவ்ளோதான் இவங்க வேலை.”

“அப்பறம் இவங்க எப்ப போவாங்க?”

“இவங்க போறதில்ல.”

மதியழகன் எழுந்து நடக்கத் தொடங்கினான்.

பசியோடு நட என்றார்கள், நடந்தான். காலில் காயத்தோடு நட, குளிரில் நட, துப்பாக்கியை இழுத்துக்கொண்டு நட என்றார்கள். ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். விவேக் நகரில் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி தனலக்ஷ்மியிடம் சிரித்துக்கொண்டே சொல்வான்: “இன்னிக்கு ஒரு படையே நான்தான்.” கார்மெண்ட்ஸில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்த களைப்பிலும் அவள் சிரிப்பாள்.

கடைசியாக எடுத்தது பாலத்துச் சண்டை. மரப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, அதுதான் பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்றார்கள். கீழே தடிமனான மெத்தை. எதிரிச் சிப்பாயாக நின்ற கோவிந்தப்பா கட்டையால் குத்த, சுவர் மேல் நிற்கும் மதியழகன் மல்லாக்க ஆற்றில் விழ வேண்டும். விழுந்தான். இன்னொரு முறையும் விழுந்தான். தேஜஸுக்குத் திருப்தி இல்லை.

“கீழ மெத்தை இருக்குன்னு தெரிஞ்சு விழற மாதிரி இருக்குண்ணா. ஒந்தே சல, ஒரே தடவை, ப்ளீஸ்.”

முன்பு விழுந்த வேகத்தில் மெத்தை விலகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. கோவிந்தப்பா குத்திய பிறகுதான் பார்த்தார். “மதி!” என்று கத்தினார். அதற்குள் முதுகு சிமெண்ட் தரையில் மோதிவிட்டது.

முதுகுத்தண்டு போய்விட்டது என்றார் டாக்டர். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது. ஆஸ்பத்திரிச் செலவை ஸ்டுடியோ ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் அங்கிருந்து யாரும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த விளையாட்டு வெளிவந்தது. கோவிந்தப்பா தயங்கித் தயங்கித் தன் போனில் கொண்டுவந்து காட்டினார். பனி மூடிய மலைப்பாதையில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நடந்து போனார்கள். எட்டிப் பார்த்த தனலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யோவ், இது உன் நடைய்யா. எல்லாரும் உன்ன மாதிரியே நடக்கறாங்கய்யா.”

வலது தோள் லேசாகச் சரிய, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கும் நடை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்த நடை. பிறகு பாலம் வந்தது. கடைசியாக நின்ற சிப்பாய் குத்துப்பட்டு மல்லாக்கச் சரிந்தான். கோவிந்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூவருக்கும் தெரிந்துவிட்டது. அது, அன்று அவன் சிமெண்ட் தரையில் விழுந்ததுதான்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனலக்ஷ்மி பீன்யாவுக்குப் போனாள். “அத மட்டும் எடுத்துடு தம்பி. உனக்குப் புண்ணியமாப் போவும்” என்று தேஜஸிடம் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“அது வெளிநாட்டுக் கம்பெனியோடது அக்கா. என் கையில ஒண்ணுமில்ல. அந்தச் சீன்தான் ரொம்ப நல்லா வந்திருக்குன்னு…” பாதியில் நிறுத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அழுதாள். மதியழகன் அழவில்லை. “வுடு லட்சுமி” என்றான். “எடுக்கறதுன்னா எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. நான் நடக்கறது அதுல மட்டுந்தான் இருக்குது.”

அதன் பிறகு விளையாட்டைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டான். அவள் வேலைக்குப் போனதும் போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு படையைப் பார்ப்பான். மலை இறங்கும்வரை பார்ப்பான். பாலம் வருவதற்குள் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். சாப்பாட்டைக்கூடப் பல நாள் தொடுவதில்லை. கோவிந்தப்பா வருவதும் நின்றுபோனது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் விளையாட்டு திறக்கவில்லை. ஆடுவோர் குறைந்துவிட்டதால் சர்வரை நிறுத்திவிட்டார்கள் என்று திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. அணைத்துப் போட்டுத் திறந்தான். மறுபடியும் அதே நாலு வரி.

சாயங்காலம் தனலக்ஷ்மி வந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

“எல்லாம் போய்ட்டாங்க” என்றான்.

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். அதை ஓரமாக வைத்துவிட்டு, வெந்நீர் கொண்டுவந்து, அவனைப் புரட்டிப் போட்டு படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள்.