அப்பாவுக்குக் கொஞ்சம் வெயில்

"அமெரிக்காக்காரன் உன்னைய எதுக்கும்மா கூப்புடப் போறான்? அவங்கிட்ட இல்லாதது உங்கிட்ட என்னா இருக்கு?"

கேட்டவர் சித்தப்பா. ரத்த உறவு இல்லை. துபாய் ஜெபல் அலியில் அப்பா தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்பில் பக்கத்துக் கட்டில்காரர், புதுக்கோட்டைப் பக்கம், கம்பெனி பஸ் ஓட்டுகிறார். கேம்ப்புக்குள் பெண்கள் போக முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஒரு மாலின் ஃபுட் கோர்ட்டில் சந்திப்போம். அப்பா தனியாக வரமாட்டார். கூடவே சித்தப்பாவும் வருவார். இரண்டு பேரும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், மால் வாசலில் இருக்கும் சென்ட் கடைப் பெண்ணிடம் மணிக்கட்டை நீட்டி இலவச வாசனை வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் போல நடந்து வருவார்கள். அந்தப் பெண்ணுக்கு இவர்கள் எதையும் வாங்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தும் வாராவாரம் புது வாசனையாக அடித்துவிடுவாள்.

அன்றைக்குச் சித்தப்பா கேட்டதும் அப்பா டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும்.

நான் துபாயில் அமெரிக்கப் பாணிப் பல்கலைக்கழகம் ஒன்றில் நகரவியல் முதுகலை படிக்கிறேன். உதவித்தொகையில்தான். இது கடைசி வருடம். முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட முக்கியமானது ஒரு கட்டுரை என்றார்கள். நான் யார், எதற்காக வருகிறேன் என்று எழுதவேண்டும். கட்டுரை சரியாக அமையாவிட்டால் இடம் இல்லை. இடம் இல்லையென்றால் படிப்போடு விசாவும் முடியும், ஊருக்குத் திரும்ப வேண்டும். அரியலூர்ப் பக்கத்தில் நகரவியல் படித்தவளுக்கு என்ன வேலை என்று எனக்கே தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன் என்று நிறையப் பேர் எதிர்பார்க்கிறார்கள். தாழ்த்துவதில்லை.

அமெரிக்காவை நான் பார்த்ததில்லை, ஆனால் அதற்குள்தான் இரண்டு வருடமாக வாழ்கிறேன். எங்கள் வளாகத்தில் புல்வெளி இருக்கிறது. அதில் யாரும் உட்கார்ந்து நான் கண்டதில்லை, உட்கார்ந்தால் வெந்துவிடும். அக்டோபர் மாதம் ஹாலோவீன் என்ற பேய்த் திருநாளுக்கு வாசலில் பரங்கிக்காய்களைக் குடைந்து கண், மூக்கு வைத்து அடுக்குவார்கள். வெயிலில் அவை மறுநாளே கூழாகி, முகம் தொங்கி, பேய் மாதிரி ஆகிவிடும். பேய் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதானே நோக்கம் என்று பேராசிரியர் சமாதானம் சொன்னார். எங்கள் வீட்டில் இத்தனை பரங்கிக்காய் கிடைத்தால் அம்மா தெருவுக்கே குழம்பு வைத்திருப்பாள்.

வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. அதனால் எல்லோரும் பேசுவார்கள். "இவர் சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன்" என்று ஆரம்பித்து, இவர் சொன்னதற்குக் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாததைச் சொல்வார்கள். முதல் மாதம் நான் சொல்வதற்கு விஷயம் இருந்தால்தான் வாயைத் திறப்பேன் என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் புரிந்துகொண்டு நானும் சேர்க்க ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்துக்கொண்டது குளிர். வெளியே தார் உருகும். உள்ளே வகுப்பறையில் ஸ்வெட்டர், நூலகத்தில் போர்வை. விடுதியில் என் அறைத்தோழி காலுறை போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஏசியைக் குறைக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பொத்தானைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் பராமரிப்பு ஆபீஸைக் காட்டுவார்கள். பராமரிப்பு ஆபீஸில் கட்டட மேலாளரைக் காட்டுவார்கள். மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அவரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். சாவி தலைமை அலுவலகத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. சினிமா தியேட்டரில், மெட்ரோவில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் யார் யார் நடுங்குகிறார்கள் என்று பார்ப்பேன். எங்கள் வளாக வாசலில் இருக்கும் காவலாளியின் நாற்காலி கண்ணாடிக் கதவுக்கு நேராக இருக்கும். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் முதுகுப்பக்கம் குளிரும், முகத்தில் அனல் அடிக்கும். பாலைவனத்தில் ஒரு நகரம் கட்டி அதில் எல்லோரையும் குளிரில் நடுங்க வைப்பதற்கு யார் உத்தரவு கொடுத்தது என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியோடு அமெரிக்கா போகவேண்டும் என்றுதான் கட்டுரையின் முதல் பிரதியை எழுதினேன்.

அதை எடுத்துக்கொண்டு எங்கள் எழுத்து உதவி மையத்துக்குப் போனேன். அங்கே ஆலோசகராக இருந்தவர் ஓர் இளம் அமெரிக்கப் பெண். மிகவும் நல்லவர். எதைச் சொன்னாலும் அற்புதம் என்பார். என் கட்டுரையைப் படித்துவிட்டும் அற்புதம் என்றார். அப்புறம் பேனாவை மேசையில் வைத்தார்.

"ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்?"

"கேள்வி என்னுடையதுதானே."

"கேள்வி இருக்கிறது. உன் கதை இல்லை. உன் குடும்பம்? அப்பா என்ன செய்கிறார்?"

ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், கேம்ப்பில் இருக்கிறார் என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நான் ஒளிக்கவில்லை, கேட்டதும் சொன்னேனே என்றேன்.

"தேர்வுக் குழு நூற்றுக்கணக்கான கட்டுரை படிக்கும். அவர்கள் மனதில் உன் அப்பா நிற்க வேண்டும். பாலைவனம், உச்சி வெயில், ஒரு தகப்பன். அந்த வெயிலை எனக்கு உணர வை."

இதைச் சொல்லும்போது அவர் ஒரு கம்பளி ஸ்வெட்டரும் அதற்கு மேல் சால்வையும் போர்த்தியிருந்தார். கையில் ஐஸ் போட்ட காபி.

"அப்பா வெயிலில் வேலை செய்வதில்லை," என்றேன். "அது ஃப்ரீசர் கிடங்கு. உங்கள் ஊர்க் கோழி, உங்கள் ஊர் உருளைக்கிழங்கு எல்லாம் கப்பலில் வந்து இறங்கும். உறைந்த நிலையில் வைத்திருப்பார்கள். உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். தடிமனான ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுவார்."

அப்பா ஆலோசகரை ஏமாற்றிவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது.

"அது படிப்பவரைக் குழப்பும்," என்றார். "ஃப்ரீசர் வேண்டாம். பொய் எழுத வேண்டாம், வெறும் கிடங்கு என்று போடு. அவர் கிடங்குக்கு வெளியே வரும் நேரம் என்று ஒன்று இருக்குமல்லவா? அந்த நேரத்தை எழுது."

ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்து அப்பா வெயிலில் நிற்பதுண்டு. விறைத்த கையைச் சூடுபண்ணிக்கொள்ள ஆசையாக நிற்பார். எனக்கு அமெரிக்காவில் படிக்க இடம் வேண்டியிருந்தது. ஆலோசகருக்கு எந்தெந்தக் கட்டுரை எடுபடும் என்று தெரியும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அப்பாவை வெளியே கொண்டுவந்து நிறுத்தினோம். நெற்றியில் வியர்வை வைத்தோம். "வெடித்த" என்ற சொல் அவருடையது, உதடுகளுக்குப் போட்டார். கடைசியில் அப்பா தூரத்தில் தெரியும் உயரக் கட்டடங்களைப் பார்த்து, "என் மகள் ஒருநாள்..." என்று நினைக்கிறார்.

படிக்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஃபுட் கோர்ட்டில் அதைத் தமிழில் சொல்லிக்காட்டினேன். அப்பா ரொம்பக் கவனமாகக் கேட்டார். முடித்ததும், "யாரும்மா இந்த ஆளு? பாவமா இருக்கு," என்றார்.

சித்தப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு இருமி இருமிச் சிரித்தார். "அண்ணே, நீதான் அது. ஒதடு வெடிச்சிருக்காம், பாத்துக்க."

"நானா? நான் எங்க வெயிலப் பாத்தேன்? கைய சூடுபண்ண ரெண்டு நிமிஷம், ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கொஞ்சம், அவ்வளவுதான்."

"எங்க ரூம்லயே கருக்காத ஆளு உங்கப்பன்தான்," என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். "பில்டிங் சைட்டுல வேல செய்யிறவனுங்க எல்லாம் இவரப் பாத்து வயிறு எரியிறானுங்க. நீ இவரக் கொண்டுபோயி வெயில்ல காயப்போடுறியே."

அது உண்மை. ஒவ்வொரு லீவிலும் அப்பா ஒரு படி வெளுத்துதான் ஊருக்கு வருவார். துபாயில் ஆபீஸ் வேலை போல என்று ஊர் முழுக்க முடிவுகட்டி வைத்திருக்கிறது. அப்பா அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பாப்பா," என்று அப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார். "எழுதுறதுதான் எழுதுற. சூப்பர்வைசர்னு போட்டுரு."

"நீங்க சூப்பர்வைசர் இல்லையேப்பா."

"ஒதடும்தான் வெடிக்கல. அத எழுதியிருக்கீல்ல."

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. "டையும் கட்டிவுடு. அங்க வந்து செக் பண்ணவா போறான்?"

"அமெரிக்காக்காரன் படிக்கிற பேப்பர்ல எம்மூஞ்சி நல்லா இருக்க வேண்டாமா?" என்றார் அப்பா. விளையாட்டாகப் பேசவில்லை. சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

திரும்பும்போது மெட்ரோவில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அமெரிக்காவுக்கு அப்பா இன்னும் கொஞ்சம் ஏழையாக வேண்டும். அப்பாவுக்கு அப்பா இன்னும் கொஞ்சம் பெரிய ஆளாக வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அப்பா யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு எதிரே ஒரு பெண் துப்பட்டாவைக் காதைச் சுற்றி இறுக்கிக்கொண்டு குளிரில் சுருண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் கையைக் கக்கத்துக்குள் வைத்திருந்தார். என் கட்டுரை ரயில் பெட்டி நிறைய உட்கார்ந்திருக்கிறது, நானோ இல்லாத வெயிலைத் தேடி அலைகிறேன்.

விடுதிக்கு வந்ததும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு புதிதாக எழுதினேன். பூட்டிய பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்வெட்டர் போட்ட மேலாளர், கதவுக்கு நேரே உட்கார்ந்திருக்கும் காவலாளி, அமெரிக்கக் கோழிக்குத் தேவையான குளிரில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் என் அப்பா. அவரைப் பற்றி இவ்வளவுதான்: ஜெபல் அலியில் ஃப்ரீசர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், நன்றாக ஓட்டுகிறார். கோழிக்கும் மாணவிக்கும் எத்தனை குளிர் என்று எங்கோ யாரோ முடிவு செய்கிறார்கள், அவர்களைத் தேடி வருகிறேன் என்று முடித்தேன்.

ஆலோசகர் படித்தார். இந்த முறை அற்புதம் என்று சொல்லவில்லை. "யாரும் அழமாட்டார்கள்," என்றார்.

"அழ வேண்டாம்."

"இடம் கிடைக்காமல் போகலாம். தெரியும்தானே?"

தெரியும் என்றேன். அவர் எதிரிலேயே அனுப்பினேன். ஸ்வெட்டரின் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் தன் சால்வையை எடுத்துக் கொடுத்தார். நல்லவர் என்று முதலிலேயே சொன்னேன்.

சூப்பர்வைசர் ஆக்கவில்லை என்று அப்பாவுக்கு வருத்தம். "நல்லா ஓட்டுறார்னு எழுதியிருக்கேன்பா," என்றேன். "அது எழுதாட்டியும் நல்லாத்தான் ஓட்டுவேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே அவருடைய பழைய ஃப்ரீசர் ஜாக்கெட். கம்பெனி புதியது கொடுத்துவிட்டதாம்.

"கெடைக்குதோ இல்லையோ, வச்சுக்க. அமெரிக்காவுல பனின்னாங்க."

"இன்னும் கூப்புடவே இல்ல, அதுக்குள்ள கோட்டா?" என்றார் சித்தப்பா.

கூப்பிட்டார்கள், பேசிப் பார்ப்பதற்கு. போன மாதம் வீடியோவில் மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். விடுதியின் படிப்பறையில் வழக்கம்போல் பல் தந்தியடித்தது, அப்பாவின் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மூன்று பேரும் மெல்லிய சட்டையில் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நீங்கள் துபாயில்தான் இருக்கிறீர்களா, ஏன் இந்த ஜாக்கெட் என்றார்.

"அதைச் சொல்லத்தான் வர விரும்புகிறேன்," என்று ஆரம்பித்தேன். குறித்த நேரம் முடிந்த பிறகும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா விசாரித்தார். அமெரிக்காவோ அரியலூரோ, பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டேன் என்றேன். ஜாக்கெட் அடியில் இருக்கிறது. அதன் பையிலிருந்து இன்னும் லேசாகக் கோழி வாசனை வருகிறது, சென்ட் கடைக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் அடித்து வாங்க வேண்டும்.