ஃப்ரீஸரில் வைத்த தண்ணீர்

என் மகள் குளிருக்குப் பயந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவளைப் பனிமலைக்கு அழைத்துப்போனேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட, "தபூக் பக்கம் பனி கொட்டுதாம், பாத்துட்டு வரலாம்" என்று மட்டும்தான் சொன்னேன்.

ரியாதில் பிறந்து ஏசியிலேயே வளர்ந்தவள் அவள். கனடாவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவள் அப்பா அன்றைக்கே தலையாட்டிவிட்டார். அவளோ, "அம்மா ஓகே சொன்னாதான் போவேன்" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டாள். ஒரு மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை. ஒற்றைப் பிள்ளை. வேண்டாம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சலும் இல்லை. என் சார்பில் குளிர் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பாலைவனத்தில் நடக்கிற எங்கள் சிறு கூட்டத்துக்கு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர்தான் தலைவர். ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், மலை என்றால் உயிரை விடுவார். தபூக் பக்கத்து ஜபல் அல் லவ்ஸ் மலையில் போகவரப் பதினான்கு கிலோமீட்டர் என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவள் பாதியில் அழுதுவிடுவாள். ரியாதின் பத்தா கடைத்தெருவுக்குப் போய் மூன்று பேருக்கும் பழைய கம்பளிக் கோட்டு வாங்கினேன். அவளுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லியதாக எடுத்தேனோ என்ற சந்தேகம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

விடிந்ததும் நடக்கத் தொடங்கினோம். செம்பாறைகளின் மேல் வெள்ளையாகப் பனி. காற்று காதை அறுத்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே என் விரல்கள் மரத்துப்போயின. அவள் அப்பா கூட்டத்தோடு பின்னால் வந்தார். அவள் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"உங்கட மகள் நல்லா நடக்கிறா அக்கா. இண்டைக்குத்தான் முதல்தரம் ஸ்னோவைக் காணுறா எண்டு நம்பேலாமக் கிடக்கு" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துவைத்தேன்.

மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கப் பையைத் திறந்தேன். நான்கு பாட்டிலும் கல்லாக இருந்தன. முதல் நாள் ராத்திரி, தபூக்கில் தங்கிய அறையில், கை தன் பாட்டுக்கு நான்கையும் ஃப்ரீஸரில் அடுக்கியிருக்கிறது. இருபது வருஷப் பழக்கம். வெயிலில் நடக்கப் போகிறவர்கள் ராத்திரியே தண்ணீரைக் கட்டியாக்கி வைப்பார்கள், நடக்க நடக்க அது உருகும். பனிமலைக்கும் அப்படியே ஐஸைச் சுமந்துகொண்டு வந்த ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. யாரும் பார்க்காதபோது ஒரு பாட்டிலைப் பாறையில் தட்டிப் பார்த்தேன். பிறகு குனிந்து கொஞ்சம் பனியை அள்ளினேன்.

"அம்மா, அதச் சாப்பிடாத! உடம்பு இன்னும் சில்லுனு ஆயிடும்."

திரும்பி வந்து நின்றிருந்தாள். பாட்டில்களைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு பாட்டிலை எடுத்துத் துணியில் சுற்றி, கோட்டின் ஜிப்பை இறக்கி, ஸ்வெட்டருக்கு மேலே வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டாள். குளிர் ஏறியதில் தோள் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு என் ஷூவைக் கழற்றி, ஈரச் சாக்ஸை மாற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுற்றி மறுபடி மாட்டிவிட்டாள்.

"இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?"

"ஒரு மாசமா வீடியோ பாத்துட்டிருக்கேன். நீ குளிரத்தான் காரணமா சொல்லுவேன்னு தெரியும்."

நான் குனிந்து ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் அவள் என் பக்கத்திலேயே நடந்தாள். சிகரம் தெரிகிற மேட்டில் பாட்டிலை வெளியே எடுத்தாள். அடியில் நாலு மடக்குத் தண்ணீர் உருகியிருந்தது. மூடியைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினாள். பல் கூசியது. ஆனாலும் அவள் உடம்புச் சூட்டில் உருகிய தண்ணீர் அது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் வயிற்றில் சுமந்த பிள்ளை. பாதித் தண்ணீரை அவளுக்கு வைத்தேன்.

பாட்டிலைத் திரும்ப வாங்கி மறுபடியும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பயந்திருந்தவள் நான் மட்டும்தான். அது எனக்கே அங்கேதான் உறைத்தது.

இறங்கும்போது வழி வழுக்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் சொன்னேன்:

"கனடாவுக்குப் போனப்புறம் தண்ணி பாட்டில ஃப்ரீஸர்ல வெச்சுத் தொலைக்காத."

அவள் சட்டென்று நின்றுவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை குளிரையும் அழாமல் நடந்த பெண், அங்கே நின்று அழுதாள்.